யன்னலோரத்துச் சட்டி

புஸ்பராணி அந்த அலுமினியச் சட்டியை வாங்கிவந்த நாளிலிருந்து வீட்டில் சண்டை ஓய்ந்திருந்தது என்பதைப் போன கிழமை பார்த்தோம். சண்டை ஓய்ந்த வீட்டில் நிம்மதி இருக்கும் என்று நினைப்பவர்கள் கனகரத்தினத்தின் வீட்டுக்கு ஒருநாள் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

வராமல் விட்டவர்களுக்காக விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருகோணமலைப் பட்டணத்து ஞானாம்பிகை மகளிர் வித்தியாலயம் ஒரு காலத்தில் சைவப் பெரியவர்கள் சிலர் சபை வைத்து நடத்திய பள்ளிக்கூடம். கனகரத்தினம் அந்தச் சபையில் ஒருவர். பள்ளிக்கூடங்களை அரசாங்கம் பொறுப்பெடுத்ததோடு சபை போய்விட்டது. எந்தச் சமயத்துப் பிள்ளையும் வந்து சேரலாம் என்று ஆகிவிட்டது. அப்படிச் சேர்ந்தவள்தான் கிண்ணியாவிலிருந்து வந்த முஸ்லிம் பிள்ளை அசனா. பட்டணத்தில் சாச்சி, அதாவது சின்னம்மா வீட்டில் தங்கி, ஜி.சி.ஈ. சோதனைக்கு மனையியல் படிக்கிறாள். அவளுக்கு மனையியல் படிப்பிப்பவள் கனகரத்தினத்தின் ஒரே மகள் புஸ்பராணி.

சிக்கல் பானையில் வந்தது. பிள்ளைகள் சமைத்துப் பழகும் வெண்கலப் பானைகளில்தான் நவராத்திரிக்குச் சரஸ்வதி பூசைப் பொங்கலும் பொங்குவார்கள். ஊரில் வசதியான வீடுகள் அன்பளிப்பாகக் கொடுத்த பானைகள். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு பெயர் வெட்டியிருக்கும். அதில் ஒன்று ‘கனகம்மா ஞாபகார்த்தம்.’ கனகம்மா என்பது புஸ்பராணியின் அம்மா. அந்தப் பானையில் ஒரு சோனகப் பிள்ளை கை வைத்தால் பூசைக்கு முன்னமே பானையை வீட்டுக்குத் தூக்கிவந்துவிடுவேன் என்று கனகரத்தினம் சொல்லிவிட்டார். புஸ்பராணி கடைக்குப் போய் ஒரு புதுச் சட்டி வாங்கி, யன்னலோரத்து அடுப்பை அசனாவுக்கென்று ஒதுக்கினாள். அப்பாவின் வாயும் அடங்கும், பிள்ளையின் படிப்பும் நடக்கும் என்பது அவள் போட்ட கணக்கு.

கனகரத்தினம் கெட்ட மனிதர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் புஸ்பராணியின் பாடு சுகமாக இருந்திருக்கும். துறைமுகத்தில் வெள்ளைக்காரக் கடற்படையின் பண்டகசாலையில் கிளாக்கராக இருந்து இளைப்பாறியவர். மனைவி செத்த பிறகு மறு கல்யாணம் கட்டாமல், சொந்தக்காரர் சிரித்ததையும் பொருட்படுத்தாமல், மகளை ஆசிரிய கலாசாலை வரைக்கும் படிக்கவைத்தார். அவளுக்குச் சீதனமாக எழுதிக்கொடுத்த வீட்டின் முன்னறையில்தான் இப்போது இருக்கிறார். இது என்னுடைய வீடு என்று அவள் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

அன்று காலையில் அவர் இடியப்பத்தைச் சொதியில் பிசைந்துகொண்டு, வழக்கமாகப் பின்னேரத்தில் கேட்கும் கேள்வியை முன்கூட்டியே கேட்டார்.

“அந்தப் பிள்ளை சமைக்கிறதை நீ வாயில வைக்கிறேல்லைத்தானே?”

“இல்லை அப்பா.”

அது பொய் இல்லை. மனையியலில் ருசிக்கும் புள்ளி உண்டு. ஆசிரியை ஒவ்வொரு பானையிலும் ஒரு கரண்டி எடுத்து உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்துத்தான் புள்ளி போடவேண்டும். யன்னலோரத்துச் சட்டிக்கு மட்டும் புஸ்பராணி மூடியைத் திறந்து மணத்தைப் பார்த்துவிட்டு முழுப்புள்ளியும் போட்டுவிடுவாள். தாராளமாகப் போட்டால் குற்றவுணர்வு குறையும் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. குறைந்த பாடில்லை.

கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்க்கும் அவள் புருஷன் ஆனந்தராசா, பள்ளிக்கூடங்களைப் பரிசோதிக்கப் புது வித்தியாதரிசி வந்திருப்பதாகவும் அவர் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே நுழைவதாகவும் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தபடியே சொன்னான். மாமனார் இருக்கும் இடத்தில் அவன் கோப்பையோடுதான் பேசுவான்.

அன்றைக்கு வகுப்பில் சோதனைக்கான ஒத்திகை. நோயாளிக்கு ஏற்ற மரக்கறிக் கஞ்சி வைக்கவேண்டும். பிள்ளைகள் கரட் சீவிக்கொண்டும் அரிசி களைந்துகொண்டும் இருந்த நேரத்தில், தலையை முந்தானையால் மூடிய ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். கையில் வாழையிலை கட்டிய தயிர் முட்டி, ஒரு சின்ன மண்பானை. அசனாவின் உம்மா. சித்தி பரீதா என்பது அவளுடைய முழுப்பெயர். விடியற்காலையிலேயே கிண்ணியாத் துறையில் பாதைப் படகு ஏறி, அங்கிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறாள்.

புஸ்பராணி ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். சித்தி பரீதா அதில் இருக்கவில்லை. முட்டியை மேசையில் வைத்துவிட்டு, நெடுநாள் மனதில் வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னாள்.

“டீச்சர், நாங்க கேக்காமலே எங்கட நிலவரத்தை அறிஞ்சு நடந்தீங்க. இவவுட மூத்தவாப்பா ஒரே பிடியா நிண்டவர். படைக்கிற பானையில எங்கட புள்ள ஆக்கித் தின்ன ஏலாது, படிப்பை நிப்பாட்டு எண்டு. டீச்சரே தனிச் சட்டி வாங்கிக் குடுத்திருக்கிறா எண்டு சொன்னன். அண்டைக்கே அவர்ட வாய் மூடிட்டு.”

ஒரே வீட்டுக்குள்ளேயே மீன் காய்ச்சும் சட்டி வேறு, விரதத்துக்குச் சமைக்கும் சட்டி வேறு என்று வைத்திருக்கும் ஊர் இது. தனிச் சட்டி என்றால் மரியாதை என்று சித்தி பரீதா எடுத்துக்கொண்டதில் ஒரு பிழையும் சொல்ல முடியாது. மூத்தவாப்பா என்பது அசனாவின் தகப்பன் ஸைனுலாப்தீனின் தமையன் அபூதாஹிர். குடும்பத்தில் அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை என்பதும், அசனாவுக்கு மாப்பிள்ளை பார்த்து வைத்திருப்பதும் வகுப்பு முழுவதற்கும் தெரிந்த கதை. பள்ளிக்கூடம் நின்றால் கல்யாணம். அவ்வளவுதான்.

இந்த நன்றியை எங்கே வைப்பது என்று தெரியாமல் புஸ்பராணி தயிர் முட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளதைச் சொன்னால் அசனாவின் படிப்பு போய்விடும். சொல்லாவிட்டால் இந்தப் பெண் கிண்ணியா முழுக்க அவளைப் புகழ்ந்துகொண்டு திரிவாள். யன்னலோரத்தில் அசனா கரட் சீவிக்கொண்டிருந்தாள். உம்மா பேசிய நேரம் முழுக்க அவள் நிமிரவே இல்லை. அவளுக்கு எல்லாம் தெரியும் என்பது அந்தக் குனிந்த தலையில் எழுதியிருந்தது.

அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூடத்து அதிபர் அம்மா பதைபதைத்துக்கொண்டு உள்ளே வந்தார். பின்னால் வித்தியாதரிசி இராசையா. ஒடிசலான மனிதர். சட்டைப் பையில் பேனாவைத் தவிர வேறொன்றும் கிடையாது. சுற்றிப் பார்த்த கண் நேரே யன்னலோரத்து அடுப்பில் போய் நின்றது.

“மற்றதெல்லாம் வெண்கலம். இது மட்டும் என்ன அலுமினியம்?”

புஸ்பராணி வாயைத் திறக்குமுன் சித்தி பரீதா முந்திக்கொண்டாள். தன்னுடைய மகளுக்கென்றே டீச்சர் வாங்கிக் கொடுத்த சட்டி என்றும், இப்படி ஒரு ஆளைப் பட்டணத்தில் காணக் கிடைக்காது என்றும் பெருமையோடு சொன்னாள். சாட்சிக் கூண்டில் ஏறி ஒருவரைப் புகழ்ந்தே மாட்டிவிட முடியும் என்பதைப் புஸ்பராணி அன்றுதான் கண்டாள்.

இராசையா எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டார். பிறகு புஸ்பராணியின் பக்கம் திரும்பினார்.

“நான் படிக்கேக்க எனக்கும் தனியா ஒரு இடம் தந்திருந்தவை, டீச்சர். நல்ல இடம். யன்னலோரம். காத்து வரும்.”

சில சாதிப் பிள்ளைகளை வாங்குப் பலகையில் ஏறவிடாமல் நிலத்தில் இருத்திப் படிப்பித்த காலம் ஒன்று இருந்தது என்பதை அந்த அறையில் இருந்த பெரியவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அதிபர் அம்மா யன்னலுக்கு வெளியே எதையோ கவனமாகப் பார்த்தார்.

சோதனை அன்று அடுப்பும் பானையும் சீட்டில்தான் விழும், பிள்ளைகள் இன்றைக்கே பழகட்டும் என்றார் இராசையா. கடதாசித் துண்டுகளில் அடுப்பு இலக்கங்களை எழுதி ஒரு கோப்பையில் போட்டுக் குலுக்கினார்கள்.

அசனாவுக்கு விழுந்தது நடு அடுப்பு. அதில் இருந்தது கனகம்மாவின் பானை.

சித்தி பரீதா முகம் மாறி ஒரு அடி முன்னே வைத்தாள். படைக்கிற பானை. டீச்சர் ஏதாவது சொல்லித் தடுப்பார் என்று எதிர்பார்த்தவள் போல புஸ்பராணியைப் பார்த்தாள். அதற்குள் யன்னலோரத்து இலக்கம் தவமலருக்கு விழுந்துவிட்டது.

தவமலரின் தகப்பனும் பழைய சபையில் இருந்தவர்தான். ஆனால் தவமலரும் அசனாவும் ஒரே வாங்கு. பென்சில், ரிபன், நெல்லிக்காய் எல்லாம் கைமாறும் சிநேகிதம். அந்தப் பிள்ளை யன்னலோரம் வரைக்கும் போய், சட்டியைப் பார்த்து, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றது.

“டீச்சர், நான் வேற பானை எடுக்கட்டா? வீட்டில அறிஞ்சா ஏசுவினம்.”

“எதுக்கு ஏசுவினம்?” என்றார் இராசையா.

தவமலர் அழுகிற குரலில் சொன்னாள்: “இது அசனான்ட சட்டி. ஒருத்தரும் தொடவேண்டாம் எண்டு டீச்சர்தானே சொன்னவ.”

சித்தி பரீதா தவமலரின் கைகளைப் பார்த்தாள். பிறகு சட்டியைப் பார்த்தாள். கடைசியாகப் புஸ்பராணியைப் பார்த்தாள். ஒரு பிள்ளை கையைப் பின்னால் கட்டியதில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இருந்தாலும் கேட்டாள்.

“டீச்சர், இந்தச் சட்டியை நீங்க எதுக்கு வாங்கினீங்க?”

புஸ்பராணிக்கு ஒரு பொய் நாக்கு நுனியிலேயே இருந்தது. நல்ல பொய். எல்லோரையும் காப்பாற்றக்கூடிய பொய். இந்தப் பெண்ணின் முகத்துக்கு முன்னால் அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது.

“உங்கட பிள்ளைக்காக இல்லை. என்ட அப்பாவுக்காக.”

சித்தி பரீதா ஏசவில்லை, அழவும் இல்லை. முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

“நான் ஊர் முழுக்க உங்களைப் பத்திச் சொல்லித் திரிஞ்சனே, டீச்சர்.”

அடித்திருந்தால்கூட புஸ்பராணிக்கு அவ்வளவு வலித்திராது. சித்தி பரீதா யன்னலோரத்துக்குப் போய்ச் சட்டியை எடுத்து, தண்ணீரை வெளியே ஊற்றி, முந்தானைத் தலைப்பால் ஈரத்தைத் துடைத்தாள்.

“இது என்ட புள்ளைட பேரைச் சொல்லி வாங்கினதுதானே. அப்ப நான் கொண்டுபோறன்.” பிறகு நடு அடுப்புக்கு முன்னால் விறைத்து நின்ற மகளிடம், “நீ ஆக்கு” என்றாள்.

படிகளில் புஸ்பராணி ஓடிப்போய்த் தயிர் முட்டியைத் திருப்பி நீட்டினாள். தந்ததைத் திரும்ப வாங்கும் பழக்கம் எங்களிடம் இல்லை என்று சொல்லிவிட்டாள் சித்தி பரீதா. அசனாவுக்குத் தனிச் சட்டி இனி இல்லை என்ற சங்கதியை இன்றைக்கே வீட்டில் சொல்லவேண்டி வரும் என்றாள். மூத்தவாப்பா அபூதாஹிர் நாளைக் காலையில் பிள்ளையைக் கூட்டிப்போக வருவார். தன்னால் தடுக்க ஏலாது. “என்னத்தைச் சொல்லுறதெண்டு நீங்களே யோசிச்சு வையுங்க. இப்ப எனக்குச் சொன்ன மாதிரி சொல்லுங்க” என்று சொல்லி, சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடந்தாள்.

புஸ்பராணி உள்ளே வந்தபோது, பானை ஒன்று குறைகிறது, இரண்டு பேரும் ஒன்றில் சமையுங்கள் என்று இராசையா சொல்லி முடித்திருந்தார். தவமலர் நடு அடுப்புக்குப் போனாள். கனகம்மாவின் பானைக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி. முகத்தைப் பார்க்காமல் அரிசியைப் போட்டார்கள். முகத்தைப் பார்க்காமல் கரட்டைப் போட்டார்கள். கஞ்சி தளதளவென்று கொதித்து அடுப்பை அணைக்கும் தருணம் வந்தபோது எதற்கோ இரண்டு பேரும் ஒன்றாகக் குனிந்து, தலை முட்டி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

புள்ளி போடும் வேளை. புஸ்பராணி ஒவ்வொரு அடுப்பாக வந்தாள். நடு அடுப்புக்கு வந்ததும் அசனா மூடியைத் திறந்து பிடித்தாள், மணம் பார்ப்பதற்கு வசதியாக. இத்தனை நாளும் அந்தப் பிள்ளை கவனித்துத்தான் வந்திருக்கிறது.

புஸ்பராணி கரண்டியால் கோலி உள்ளங்கையில் விட்டு உறிஞ்சினாள். முகம் கோணிவிட்டது.

“உப்புக் கூடிப்போச்சு. ஆர் போட்டது?”

“நான்தான், டீச்சர்” என்றாள் தவமலர்.

“நானும் போட்டனான்” என்றாள் அசனா.

மற்றவள் போடவில்லை என்று நினைத்து இரண்டு பேருமே போட்டிருக்கிறார்கள். கதைத்திருந்தால் தெரிந்திருக்கும். நோயாளிக்கு இதைக் கொடுத்தால் எழும்பவே மாட்டான் என்று புஸ்பராணி சொல்லி, ருசிக்குப் பாதிப் புள்ளிதான் போட்டாள். அந்த வகுப்புக்கு வந்த நாளிலிருந்து அசனாவின் சமையலில் ஒருவரும் பிழை சொன்னதில்லை. அவள் தலையை நிமிர்த்தி, பல் தெரியச் சிரித்தாள். புஸ்பராணிக்குக் கண் கலங்கிவிட்டது. உப்பின் மேல் பழியைப் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள்.

வீட்டுக்குச் செய்தி அவளுக்கு முன்னமே போய்விட்டது. தவமலரின் தகப்பன் சைக்கிளில் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். கனகரத்தினம் விறாந்தையில் கைகளைக் கட்டிக்கொண்டு இருந்தார். இரவுச் சாப்பாட்டுக்கு அப்படியே எழுந்து வந்தார். கிண்ணியாத் தயிர் இல்லாமல் ஒருநாளும் கை கழுவாத மனிதர், அன்று தயிர் முட்டியை ஒரு விரலால் அப்பால் தள்ளிவைத்தார். கொள்கைக்காக அவர் எதையாவது இழந்தது அன்றைக்குத்தான்.

“வாயில வைச்சியோ?”

“ஓம் அப்பா. உப்புக் கூட.”

“எந்தப் பானை?”

“அம்மான்ட.”

விடிந்ததும் போய்ப் பானையை எடுத்துவரப்போவதாகச் சொன்னார். அப்போதுதான் ஆனந்தராசா கோப்பையிலிருந்து கண்ணை எடுத்தான்.

“மாமா, அது இப்ப அரசாங்கத்தின்ட பானை.”

கதிரை வாய் திறந்ததைக் கண்டவர் போல கனகரத்தினம் மருமகனைப் பார்த்தார்.

“கனகம்மா என்ட மனிசி, தம்பி. அவ அரசாங்கத்தின்ட மனிசி இல்லை.”

புஸ்பராணிக்கு அவர் மேல் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் என்ன செய்வதென்று தெரியாமல் அவள் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். பூசைக்குப் பானை வேண்டும். சோதனைக்கும் பானை வேண்டும். ஏற்கெனவே ஒன்று குறைந்த அறையில் இன்னும் ஒன்று குறைந்தால் முதலில் வெளியே நிற்கப்போவது யார் என்று அவளுக்குத் தெரியும்.

விடிந்து அவள் தேத்தண்ணியோடு முன்னறைக்கு வந்தபோது கட்டில் வெறுமையாக இருந்தது. கொழுவியில் குடையைக் காணவில்லை. பள்ளிக்கூட மணி அடிக்க இன்னும் நேரம் கிடந்தது. அந்நேரம் கிண்ணியாத் துறையில் அபூதாஹிரும் படகு ஏறியிருப்பார். ஒருவர் பானையைத் தூக்கிப்போக, மற்றவர் பிள்ளையைக் கூட்டிப்போக, இரண்டு பெரிய மனிதர்களும் ஒரே வாசலை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் காரணம் ஒன்றுதான் என்பது அவர்களுக்குத் தெரியாது.

புஸ்பராணி தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள். அம்மாவின் பானையையும் அசனாவையும் ஒரே காலையில் விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை.